பாலைவனப் பல்லி தோண்டுதா? நிறுத்தாதீங்க, தோண்ட நல்ல மண்ணு குடுங்க – முழு வழிகாட்டி

டேங்க்ல விட்ட மறுநாளே மூலையில தோண்ட ஆரம்பிச்சிடுச்சு, தண்ணிக் கிண்ணம் கவுந்து கெடக்கு, லைட்டுக்குக் கீழ வச்ச கல்லு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, இத எப்படிங்க நிறுத்துறது? பல்லி வளர்க்க ஆரம்பிச்ச எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி இதான். நிறுத்த முடியாதுங்க, நிறுத்தவும் கூடாது. பாலைவனத்துல மேல மணல் 60 டிகிரி தாண்டி கொதிக்கிறப்போ ஒரு மீட்டர் கீழ 30 சொச்சம்தான் இருக்கும், அந்த வித்தியாசத்துலதான் இந்த ஜீவனுங்க உயிர் பிழைக்குதுங்க. நாம செய்ய வேண்டியது ரெண்டே விஷயம். ஒண்ணு, ஏன் தோண்டுதுன்னு கண்டுபிடிக்கணும். இன்னொண்ணு, தோண்டினா இடிஞ்சு அது மேலயே விழாத மாதிரி செட்டப் பண்ணணும். மத்தது எல்லாம் இது ரெண்டுக்குள்ள வந்துடும்.

எந்தப் பல்லி எந்த மாதிரி தோண்டும்

எல்லாத்தையும் "டெசர்ட் லிசர்ட்"னு ஒரே பேர்ல வித்துடுறாங்க, ஆனா தோண்டுற விதம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

யூரோமாஸ்டிக்ஸ், அதாவது முள்வால் பல்லி, வட ஆப்பிரிக்கா அரேபியா பக்கத்து ஆளு. இதுதான் நிஜமான சுரங்கத் தொழிலாளி. பெரிய எகிப்து யூரோ காட்டுல மீட்டர் கணக்குல நீளமா வளை தோண்டும். இதோட சொந்தக்காரன் நம்ம நாட்டுலயே இருக்கான், ராஜஸ்தான், கட்ச் பக்கம், சாரா ஹார்ட்விக்கின்னு பேரு. வளைக்குள்ள போனதும் வாசல உள்ளருந்தே மண்ணால அடைச்சிக்கும், குளிர்காலம் பூரா வால்ல சேத்து வச்ச கொழுப்புல காலத்த ஓட்டிடும். இந்த இந்திய இனத்த வீட்ல வளர்க்கலாமான்னு கேக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, பிடிச்சாலும் வச்சிருந்தாலும் கேஸ். வெளிநாட்டு யூரோவும் சைட்டிஸ் (அழியுற ஆபத்துல இருக்கிற உயிர்களோட சர்வதேச வியாபாரத்தக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, அதனால இந்தியாவுல 2024ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் வெப்சைட்ல பதிவு பண்ணணும், பேப்பர் இல்லாம யாராவது குடுத்தா வாங்காதீங்க. சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு இன்னும் சிம்பிள், அங்க பல்லி எதையுமே வீட்ல வளர்க்க அனுமதி கிடையாது, பியர்டட் டிராகனும் சேர்த்துதான்.

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியா உள்நாட்டு வறண்ட பூமிக்காரன். பாதி நேரம் மரக்கட்டை மேலயும் வேலிக் கம்பு மேலயும் உக்காந்திருக்கும், வெயில் ஜாஸ்தியானா, குளிர்காலம் வந்தா, முட்டை போடணும்னா மட்டும் தோண்டும். லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கம் கல்லும் மண்ணுமா இருக்கிற இடத்துல வாழறது, தானா பெருசா தோண்டாது, கல்லிடுக்கு இல்லன்னா யாரோ தோண்டிப் போட்ட பொந்துல போய் படுத்துக்கும். ஆனா மண்ணு குடுத்துப் பாருங்க, ராத்திரி ஆனா அதுவும் தன் பங்குக்கு ஹைட்டோட (ஒளிஞ்சிக்க நாம வைக்கிற கூடு) வாசல அகலப்படுத்திட்டு இருக்கும்.

நாலாவது சாண்ட்ஃபிஷ், பேர்ல மீன் இருந்தாலும் இதுவும் பல்லிதான், சஹாராக்காரன். இது தோண்டவே தோண்டாது, நீந்தும். 2009ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டி ஆளுங்க எக்ஸ்ரே வச்சு மணலுக்குள்ள படம் எடுத்துப் பாத்தாங்க, உள்ள போனதும் கைகால உடம்போட ஒட்ட வச்சிட்டு பாம்பு மாதிரி உடம்ப வளைச்சு வளைச்சே போகுதுன்னு தெரிஞ்சுது. அதனால கீழ நான் சொல்லப் போற களிமண் கலவை எதுவும் சாண்ட்ஃபிஷுக்கு வேணாம், அதுக்கு நல்லா காஞ்ச, உருண்ட, நைசான மணல் 15 செ.மீ. போட்டாப் போதும், கதை முடிஞ்சுது. மீதி மூணுக்கும்தான் மேல படிங்க.

படி 1: தோண்டுறத ஒரு வாரம் சும்மா வேடிக்கை பாருங்க

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி எப்போ தோண்டுது, எங்க தோண்டுதுன்னு குறிச்சு வைங்க. போன்ல ரெண்டு வரி போதும்.

மத்தியானம் லைட் ஃபுல்லா எரியுறப்போ, லைட்டுக்கு எதிர் மூலையில தோண்டினா அது சூடு தாங்காம ஓடுது. டேங்க்ல குளிர்ச்சியான பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு அர்த்தம். சென்னை, வேலூர், மதுரை மே மாசத்துல ரூமே 36, 37ல இருக்கும், அதுக்கு மேல நூறு வாட் பல்பும் போட்டா குளிர்ந்த பக்கம் எங்கருந்து வரும்? வெயில் காலத்துல வாட்ட குறைங்க, இல்ல சூட்டப் பாத்து லைட்ட தானா குறைக்கிற டிம்மரோட தெர்மோஸ்டாட் போடுங்க.

கண்ணாடிய ஒட்டியே நின்னு ரெண்டு கையாலயும் மேலயும் கீழயும் பிராண்டிட்டே இருந்தா அது தோண்டறதே இல்ல. கண்ணாடியில தன் நிழலப் பாத்து இன்னொரு பல்லின்னு நினைக்குது, இல்லன்னா டேங்க் சின்னது, இல்லன்னா எதிர்ல நாய் பூனை உக்காந்திருக்கு. மூணு பக்கம் வெளியருந்து சார்ட் பேப்பர் ஒட்டிப் பாருங்க, நிறைய பேருக்கு அதுலயே சரியாயிடுது. ரெண்டு பல்லிய ஒண்ணா போட்டிருந்தா முதல்ல பிரிங்க, மத்தத அப்புறம் பேசலாம்.

புதுசா வந்தது முதல் ரெண்டு வாரம் மண்ணுக்குள்ளயே கெடந்தா பயம், அவ்ளோதான். தொடாதீங்க. நோண்டி வெளிய எடுத்து "சாப்பிடுதான்னு பாக்குறேன்"னு கையில வச்சிக்கிட்டா இன்னும் ஆழமாத்தான் போகும்.

நல்லா வளந்த பொட்டை ஒண்ணு திடீர்னு ஒரே நாள்ல நாலஞ்சு எடத்துல குழி தோண்டி, எதுவும் பிடிக்காம மறுபடி வேற எடத்துல ஆரம்பிச்சா அது முட்டை. படி 8க்கு நேரா போங்க, மத்தத அப்புறம் படிச்சுக்கலாம்.

இது எதுவுமே இல்லாம, காலையில எழுந்து வெயில் காஞ்சு, சாப்பிட்டு, மத்தியானம் கொஞ்சம் தோண்டி, சாயங்காலம் உள்ள போய் படுத்துச்சுன்னா சந்தோஷப்படுங்க, ஆரோக்கியமா இருக்கு. நகமும் தானா தேயும், வெட்டிவிட வேண்டியதே இருக்காது.

படி 2: மண்ணு வாங்குறதுக்கு முன்னாடி எடையக் கணக்குப் போடுங்க

இத யாருமே சொல்லித் தர மாட்டேங்கிறாங்க. 4 அடிக்கு 2 அடி டேங்க்ல 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணு போட்டா கிட்டத்தட்ட 160 கிலோ வரும். 30 செ.மீ. போட்டா அது டபுள், 320 கிலோ, ஈரமா இருக்கிறப்போ அதுக்கும் மேல. அப்புறம் கல்லு, டேங்கோட சொந்த எடை எல்லாம் இருக்கு. மீன் தொட்டிக்கு வச்சிருந்த பழைய கம்பி ஸ்டாண்ட் மேல இத ஏத்தினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. வெல்டிங் கடையில ஆங்கிள் வச்சு தனியா ஸ்டாண்ட் அடிச்சுக்கிறது நல்லது, அத சுவர ஒட்டி வைங்க, ரூம் நடுவுல வேணாம், வச்சிட்டு ரசமட்டம் போட்டுப் பாருங்க. ஸ்டாண்டுக்கும் டேங்குக்கும் நடுவுல தெர்மாகோல் ஷீட் ஒண்ணு.

ஆழம் எவ்ளோன்னா, லெப்பர்ட் கெக்கோவுக்கு 10 செ.மீ., பியர்டிக்கு (பியர்டட் டிராகன்தான்) 15லருந்து 20, யூரோவுக்கு 30 குடுக்க முடிஞ்சா குடுங்க. அவ்ளோ எடை தாங்காதுன்னா டேங்க் பூரா ரொப்ப வேணாம், குளிர்ந்த பக்கம் ஒரு தடுப்பு வச்சு அந்த பாதியில மட்டும் ஆழமா போடுங்க, லைட் பக்கம் கல்லும் கொஞ்சமா மண்ணும் போதும். எனக்கு இந்த பாதி-பாதி முறைதான் பிடிச்சது, மேட்டுல வெயில் காயும், பள்ளத்துல தோண்டும், சுத்தம் பண்றதும் ஈசி.

படி 3: கல்லு முதல்ல, மண்ணு அப்புறம்

இந்த ஒரு படிய மட்டும் தப்பா பண்ணிடாதீங்க. மண்ணு போட்டு அது மேல கல்லு வச்சா, பல்லி கல்லுக்குக் கீழதான் தோண்டும், ஏன்னா அங்கதான் நிழல், அங்கதான் மேல கூரை இருக்கிற மாதிரி அதுக்குத் தோணும். அடியில மண்ணு போனதும் கல்லு இறங்கும். அதுக்குள்ள படுத்திருந்த பல்லி நசுங்கிச் சாகுறது வளர்க்கிறவங்க மத்தியில அடிக்கடி கேள்விப்படுற விஷயம்.

அதனால கனமான எதுவா இருந்தாலும் டேங்கோட அடித்தட்டு மேல நேரா நிக்கணும். கண்ணாடி டேங்க்னா கீழ ஒரு ரப்பர் மேட் விரிங்க. செங்கல் துண்டுகள தூணா நிறுத்தி மேல கடப்பா கல் ஒண்ணு படுக்க வைங்க, கடப்பா கல் கடையில வெட்டி மிச்சமான துண்டு சல்லிசா கிடைக்கும், வெயில்ல நல்லா சூடும் பிடிக்கும். தூணுக்கும் கல்லுக்கும் நடுவுல அக்வேரியம் சிலிகான் வச்சு ஒட்டி, ரெண்டு நாள் வாசனை போக விடுங்க. ஒட்டினப்புறம் கையால நல்லா ஆட்டிப் பாருங்க, ஆடினா பல்லியும் ஆட்டும். தண்ணிக் கிண்ணத்துக்கும் இதே மாதிரி ஒரு செங்கல் மேடை போட்டுட்டா கவுர்ற பிரச்சனையும் அதோட முடிஞ்சுது.

யூரோவுக்கு இன்னொண்ணு முக்கியம். வளை அகலமா இருந்தா அதுக்குப் பிடிக்காது. முதுகு மேல கூரையில உரசணும், உள்ள போய் உடம்ப ஊதிக்கிட்டு அப்படியே இறுகி நிக்கும், யாரு இழுத்தாலும் வராது. கடப்பா துண்டுகள ரெண்டு மூணு அடுக்கா, நடுவுல பல்லியோட உயரத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு அடுக்கினா தோண்டாத நாள்லயும் அங்க போய் சொருகிக்கும்.

படி 4: எந்த மண்ணு

கடையில கலர் கலரா விக்கிற கால்சியம் சாண்ட், அத அங்கயே வச்சிட்டு வாங்க. தோண்டினா நிக்காது, சரிஞ்சிக்கிட்டே இருக்கும், நனைஞ்சா கட்டி தட்டும், கால்சியம்னு பேர் இருக்கறதால பல்லி நக்கி நக்கி சாப்பிடவும் வாய்ப்பு இருக்கு. கார்ப்பெட்டும் வேணாம், நகம் மாட்டி பிஞ்சிடும், அதுவும் தோண்டுற பல்லிக்கு கார்ப்பெட் போடுறது கொடுமை.

நமக்கு வேண்டியது கலவை. செம்மண் இல்ல சாதாரண தோட்டத்து மேல்மண்ணு 6 பங்கு, மணல் 3 பங்கு, களிமண் 1 பங்கு. யூரோவுக்கு களிமண்ண ரெண்டு பங்காக்கலாம், மண்ணு இன்னும் கெட்டியா நிக்கும்.

செம்மண் நர்சரியில வாங்குறீங்கன்னா உரம், வேப்பம் புண்ணாக்கு, வெள்ளை உருண்டை பெர்லைட் எதுவும் கலக்காததான்னு கேட்டு வாங்குங்க, "ரெடி மிக்ஸ்"னு மூட்டையில இருக்கிறது வேணவே வேணாம். பூச்சி மருந்து அடிக்கிற வயல் மண்ணும் வேணாம். மணல்னா ஆத்து மணல சலிச்சு நல்லா கழுவினது. கடற்கரை மணல் உப்பு. எம்சாண்ட் கருங்கல்ல உடைச்சு அரைக்கிறது, ஓரம் கூரா இருக்கும், தூசியும் ஜாஸ்தி, அது வீடு கட்டத்தான். களிமண்ணுக்கு மண்பானை செய்யுற இடத்துல கேட்டா ஒரு பை நிறைய குடுப்பாங்க, காய வச்சு பொடி பண்ணிக் கலக்கணும், ஈரக் களிமண்ண அப்படியே போட்டா கலக்கவே கலக்காது. கோகோபீட் காஞ்சா தூசி பறக்கும், கண்ணுலயும் மூக்குலயும் போகும், அத முட்டை டப்பாவுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

எல்லாத்தையும் சல்லடையில சலிங்க, கண்ணாடித் துண்டு, கம்பி, ஜல்லி எல்லாம் நீங்க நினைக்கிறத விட நிறைய வரும். மொட்டை மாடியில தார்ப்பாய் விரிச்சு மெல்லிசா பரப்பி மூணு நாலு நாள் நல்ல வெயில்ல காய விடுங்க, எறும்பு புழு எல்லாம் போயிடும். வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு இவ்ளோ பாடு இல்ல, ஆர்கானிக் டாப்சாயிலும் பிளே சாண்டும் கடையில மூட்டையாவே கிடைக்குது, அதே கணக்குல கலந்துக்கலாம்.

படி 5: இறுக்கிப் போட்டு காய வைக்கணும்

காஞ்ச கலவையில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளிச்சு பிசறுங்க. பதம் புட்டு மாவு பதம்தான், கையில பிடிச்சா பிடி நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். தண்ணி சொட்டினா ஜாஸ்தி, இன்னும் காஞ்ச மண்ணு போட்டு பிசறுங்க.

ஒரே தடவையில கொட்டாதீங்க. 5 செ.மீ. போட்டு ஒரு கட்டையால நல்லா அமுக்கி இறுக்குங்க, அடுத்த 5 செ.மீ., மறுபடி இறுக்குங்க. ரெண்டாவது அடுக்கு போடுறப்போவே ஆரம்ப வளைக்கு ஒரு பைப்ப சாய்வா படுக்க வைங்க, பல்லியோட உடம்பு அகலத்த விட கொஞ்சமே பெருசா இருந்தாப் போதும், மண்ண மூடி இறுக்கினப்புறம் பைப்ப மெதுவா திருகித் திருகி உருவிடுங்க. களிமண்ணு இருக்கறதால ஓட்டை அப்படியே நிக்கும். உருவ பயமா இருக்கா, நாட்டு ஓடு ரெண்டு மூணு வரிசையா கவுத்து வச்சு மேல மண்ணு போடுங்க, சுட்ட மண்ணு, சொரசொரப்பா பிடிப்பா இருக்கும், அது பிவிசி பைப்ப விட எவ்வளவோ மேல். பிவிசியேதான் போடணும்னா உள்ள சிலிகான் பூசி மணல் ஒட்டுங்க, இல்லன்னா வழுக்கும். ஓடும் பைப்பும்கூட அடித்தட்டுல உக்காரணும், படி 3 மறக்காதீங்க. வளைக்கு ரெண்டு வாசல் வச்சா காத்தும் போகும், ஒரு பக்கம் சரிஞ்சாலும் இன்னொரு பக்கமா வந்துடும்.

ஒரு சின்ன ஆசை இருந்தா வளையோட கடைசி அறைய பக்கக் கண்ணாடிய ஒட்டி வர்ற மாதிரி பண்ணுங்க. வெளியருந்து கருப்புச் சார்ட் ஒண்ண கதவு மாதிரி ஒட்டிடுங்க, தூக்கிப் பாத்தா உள்ள படுத்திருக்கிறது தெரியும், மூடினா இருட்டு. நோண்டிப் பாக்குற ஆசைய இது ஒண்ணுதான் அடக்கும்.

லைட்ட போட்டு காய விடுங்க. ஒரு வாரம் ஆகும், நவம்பர்ல சென்னையில பண்ணீங்கன்னா ரெண்டு வாரம் கூட ஆகும், ஃபேன் வைங்க. மேல லேசா வெடிப்பு விடுறது சகஜம். காஞ்சப்புறம் முஷ்டியால ஓங்கி மேல அமுக்குங்க, வளைக்கு மேல கைய வச்சு உங்க கை கனத்தையே குடுத்துப் பாருங்க. உள்ள போகக் கூடாது. போச்சுன்னா உடைச்சு களிமண்ணு கூட்டி மறுபடி போடுங்க, பல்லிய இன்னும் உள்ள விடாதீங்க.

படி 6: சூடு மேலருந்து மட்டும்தான் வரணும்

பல்லி கீழ போறதே சூட்டுலருந்து தப்பிக்க. கீழ ஹீட் மேட் (கரண்ட்ல சூடாகுற விரிப்பு) வச்சா தப்பிக்கப் போற இடத்துலதான் அடுப்பு இருக்கும், தோண்டத் தோண்ட இன்னும் சூடாகும், அதுக்குப் புரியாது, வயிறு வெந்துடும். மேட் மேல அவ்ளோ மண்ணு இருந்தா சூடு வெளிய போக வழியில்லாம கண்ணாடி கூட விரிசல் விடும். கரண்ட்ல சூடாகுற கல்லு, ஹீட் ராக்குன்னு விப்பாங்க, அதுவும் அதே கேஸ்தான்.

வெயில் காயுற இடத்துல கல்லோட மேல்பரப்பு யூரோவுக்கு 50 டிகிரி பக்கத்துல, பியர்டிக்கு 40, லெப்பர்ட் கெக்கோவுக்கு 32, 33. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கன் வச்சு அளங்க, டேங்க்ல ஒட்டுற வட்ட மீட்டர் சும்மா அலங்காரம். குளிர்ந்த பக்கம் யூரோவுக்கு 28, 30, மத்த ரெண்டுக்கும் 25 ஒட்டி. வயரோட இருக்கிற ப்ரோப் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி முனைய வளைக்குள்ள புதைச்சு வைங்க, பல்லி உண்மையில எவ்ளோ சூட்டுல தூங்குதுன்னு அதுதான் சொல்லும்.

இதுல ஒரு பொறி இருக்கு. நீங்க 15 செ.மீ. மண்ணு போட்டா தரை 15 செ.மீ. மேல வந்துடுச்சு, லைட்டும் யூவிபியும் (புற ஊதாக் கதிர் தர்ற லைட்) அவ்ளோ கிட்ட வந்துடுச்சு. நேத்து வரை 40 டிகிரி இருந்த இடம் இன்னிக்கு 50 காட்டும். மண்ணு போட்ட அன்னிக்கே எல்லாத்தையும் மறுபடி அளந்து லைட்ட ஏத்துங்க. பல்லியும் தோண்டின மண்ண லைட்டுக்குக் கீழ குவிக்கும், அந்த மேட்டுல ஏறி நின்னா முதுகு லைட்ட தொடுற அளவுக்குப் போயிடும், அதனால பல்புக்கு கம்பிக் கூண்டு கண்டிப்பா போடணும்.

நாள் பூரா உள்ளயே இருக்கிற பல்லிக்கு யூவிபி கிடைக்காது. அதனால யூவிபி ட்யூப்பும் பாஸ்கிங் லைட்டும் (சூடு காய வைக்கிற பல்பு) ஒரே இடத்துல விழற மாதிரி வைங்க, சூடு காய வர்ற நேரத்துல ரெண்டும் கிடைச்சிடும். டி5 ரக யூவிபி ட்யூப்ப வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க, வெளிச்சம் வருதேன்னு விட்டுடாதீங்க.

படி 7: மேல காஞ்சு, கீழ லேசா ஈரம்

"பாலைவனப் பல்லி, தண்ணியே கூடாது"ன்னு சொல்றது பாதிதான் சரி. மேல காத்து வறண்டு இருக்கும், வளைக்குள்ள அதே காத்து ஈரமா இருக்கும், மூச்சுல போற தண்ணிய அதுங்க அப்படித்தான் மிச்சம் பிடிக்குதுங்க. அதனால குளிர்ந்த பக்கம் ஒரு மூலையில அடி வரைக்கும் ஒரு குச்சி பைப்ப நட்டு, வாரம் ஒரு தடவ ஒரு டம்ளர் தண்ணி அதுல ஊத்துங்க. மேல காஞ்சே இருக்கும், கீழ மட்டும் ஈரம் பிடிக்கும், வளையும் உதிராது. லெப்பர்ட் கெக்கோவுக்கு தோல் உரிக்க ஈர ஹைட் ஒண்ணு தனியா வேணும், நனைச்ச பாசி போட்ட டப்பா போதும், இல்லன்னா விரல் நுனியில தோல் சுத்திக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னு விரலே விழுந்துடும்.

நம்ம கடலோர ஊர்கள்ல இதுக்கு நேர் எதிர் பிரச்சனை. காத்துலயே 70, 80 சதவீதம் ஈரம் இருக்கு, மழை மாசத்துல மண்ணு காயவே காயாது, பூசணம் வரும். அப்போ பைப்ல தண்ணி ஊத்துறத நிறுத்துங்க, மேல மூடி கம்பி வலையா இருக்கட்டும், பக்கத்துலயும் வென்ட் வைங்க. வாயத் திறந்து மூச்சு விட்டா, மூக்குல சளி குமிழி வந்தா நுரையீரல்ல பிரச்சனை, தள்ளிப் போடாம டாக்டர். வெயில் காயுறப்போ வாயத் திறக்கிறது வேற, அது சூட்ட குறைக்கிறதுக்கு, நிழலுக்குப் போனதும் மூடிக்கும்.

படி 8: பொட்டை தோண்டினா

ஆணோட சேரவே இல்லன்னாலும் முட்டை போடும், கோழி போடுற மாதிரிதான். வயிறு ரெண்டு பக்கமும் உருண்டை உருண்டையா புடைச்சுத் தெரியும், சாப்பாடு குறையும், டேங்க ஒரு நிமிஷம் விடாம சுத்தும், தோண்டும், விடும், மறுபடி தோண்டும். பிடிச்ச இடம் கிடைக்கலன்னா முட்டைய உள்ளயே அடக்கி வச்சிக்கும், அப்புறம் வெளிய வராது, உயிருக்கே ஆபத்து.

40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒண்ணுல, கோகோபீட்டும் மணலும் பாதிப் பாதி கலந்து, மேல சொன்ன அதே ஈரப் பதத்துல 20 செ.மீ. ரொப்புங்க. நீங்களே கையால ஒரு குழி ஆரம்பிச்சு விடுங்க, அதுலருந்து தொடரும். டேங்க்ல இடம் இல்லன்னா டப்பாவ வெளிய வச்சு மேல லைட் போட்டு அதுல விடலாம், உள்ள மண்ணு 28 டிகிரி பக்கம் இருந்தா நல்லது. துணி ஒண்ணு போத்தி மறைச்சிட்டு தள்ளிப் போயிடுங்க. பியர்டி முன்னங்கால மாத்தி மாத்தி வாரும், சேர்ந்த மண்ண பின்னங்காலால எத்தி விடும், கடைசியில தலை மட்டும் வெளிய தெரியுற மாதிரி உக்காந்து போடும். போட்டு முடிச்சதும் குழிய மூடிட்டு மூக்காலயே தட்டித் தட்டி இறுக்கும், பாக்க அவ்ளோ பொறுமையா இருக்கும். மூடி முடிக்கிற வரைக்கும் எடுக்காதீங்க, பாதியில எடுத்தா மிச்ச முட்டை உள்ளயே நின்னுடும்.

பியர்டி ஒரு தடவைக்கு 20 முட்டை சாதாரணமா போடும், லெப்பர்ட் கெக்கோ ரெண்டே ரெண்டு, அதுக்கு ஈர ஹைட்டே போதும். போட்டதும் வயிறு ஒட்டி சப்பையா இருக்கும், தண்ணி குடுங்க, கால்சியம் தூவி நல்லா சாப்பாடு குடுங்க. ரெண்டு நாளா தோண்டித் தோண்டி ஒண்ணும் போடாம சோர்ந்து படுத்துடுச்சுன்னா வீட்டு வைத்தியம் எதுவும் வேணாம், வயித்த அமுக்கிப் பாக்கவே பாக்காதீங்க, அன்னிக்கே டாக்டர்.

படி 9: குளிர்காலத்துல காணாமப் போனா

ஒரு வயசு தாண்டின பியர்டியும் யூரோவும் டிசம்பர், ஜனவரி வாக்குல சாப்பாட்ட குறைச்சு, ஒரு மூலையில ஆழமா தோண்டி உள்ள போய் வாரக்கணக்குல வராம இருக்கலாம். நம்ம ஊர் சூட்டுல சிலது இத பண்ணவே பண்ணாது, அதுவும் சரிதான். போகுதுன்னு தெரிஞ்சா முன்னாடியே ஒரு தடவ மலம் டெஸ்ட் பண்ணி புழு இல்லன்னு பாத்துக்கோங்க, வயித்துல சாப்பாட்டோட தூங்கக் கூடாது, உள்ளயே அழுகிடும். கிச்சன் தராசுல எடை குறிச்சு வைங்க. உண்மையில தூங்குற பல்லிக்கு எடை கொஞ்சம்தான் குறையும். பத்துல ஒரு பங்கு போச்சுன்னா அது தூக்கம் இல்ல, நோய். குட்டி தூங்கினா அதையும் நோய்னே எடுத்துக்கோங்க.

படி 10: தினமும் பாக்க வேண்டியது

சுத்தம் பண்றது பெரிய வேலை இல்ல. டீ வடிகட்டி ஒண்ணு தனியா வச்சுக்கோங்க, மலத்தையும் பக்கத்துல இருக்கிற வெள்ளைக் கட்டியையும் சுத்தியிருக்கிற மண்ணோட அள்ளிடுங்க. மேல் 5 செ.மீ.ய ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க, வளையை இடிக்காதீங்க, அது கட்டின வீடு அது.

ராத்திரி லைட் அணைஞ்சதும் வாசல் முன்னாடி மண்ண ஒரு பெயிண்ட் பிரஷால சமமா தடவி விடுங்க. காலையில கால் தடமும் வால் கோடும் இருந்தா வந்துட்டுப் போயிருக்கு, நோண்டத் தேவையில்ல. வால் கோடு நேரா இல்லாம, வயிறும் தேஞ்ச மாதிரி அகலமா ஒரு தடம் இருந்தா உடம்ப தூக்கி நடக்க முடியலன்னு அர்த்தம், எலும்பு பலவீனமா இருக்கலாம்.

தீனிக்கு சிள்வண்டு, டூபியா (ஒரு வகை கரப்பான்) போட்டா மிச்சத்த எடுத்துடணும். அதுங்களும் வளைக்குள்ள போய் ஒளிஞ்சிக்கும், ராத்திரி தூங்குற பல்லியோட விரலையும் கண் ஓரத்தையும் கடிக்கும். தட்டுல வச்சு, இல்ல இடுக்கியால குடுக்கிறது பெட்டர், மண்ணும் வாயில போகாது.

மண்ணு தின்னா குடல் அடைச்சு செத்துடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, அதனாலயே நிறைய பேர் டிஷ்யூ பேப்பர்லயே வருஷக்கணக்கா வச்சிருக்காங்க. சூடு சரியா இருந்து, தண்ணி குறையாம இருந்து, கால்சியம் கிடைச்சா சாப்பாட்டோட தவறிப் போற கொஞ்சம் மண்ணு மலத்துல வந்துடும். அடைச்சிக்கிற கேஸ்ல பெரும்பாலும் பாஸ்கிங் சூடு பத்தாம இருந்திருக்கும், இல்ல உடம்புல தண்ணி இருந்திருக்காது, இல்ல புழு. ஆனா வேணும்னே மண்ண வாயால அள்ளித் தின்னா அது கால்சியம் கேக்குது, யூவிபியையும் சப்ளிமெண்டையும் பாருங்க. சின்னக் குட்டிக்கும், நோய்ல இருக்கிறதுக்கும், மலம் டெஸ்ட் ஆகாத புதுசுக்கும் மட்டும் கொஞ்ச நாள் பேப்பர் சரி.

கண்ணுல மண்ணு போயி ஒரு கண்ண மூடியே வச்சிருந்தா மெடிக்கல்ல விக்கிற சாதாரண சலைன்ல ஒண்ணு ரெண்டு சொட்டு விட்டு கழுவுங்க, கண் மருந்து எதையும் நீங்களா போடாதீங்க, ரெண்டு நாள்ல திறக்கலன்னா காட்டணும்.

ஊர்வன பாக்குற டாக்டர் எல்லா ஊர்லயும் இல்ல, நாய் பூனை டாக்டர் நிறைய பேர் தொடவே தயங்குவாங்க. அதனால பல்லி நல்லா இருக்கிறப்போவே வெட்னரி காலேஜ் பக்கம் விசாரிச்சு நம்பர் வாங்கி வைங்க. போறப்போ எடைக் குறிப்பு, வளைக்குள்ள இருக்கிற ப்ரோப்போட ரீடிங், டேங்கோட போட்டோ, முடிஞ்சா ஒரு டப்பாவுல புது மலம், இது நாலையும் எடுத்துட்டுப் போங்க, அவங்க முதல்ல கேக்கப் போறது இதத்தான்.